"குனியவே கூடாதுன்னு சொல்லிட்டேன், அக்கா"

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. சாரத்தை மட்டும் தருகிறேன்.

"வணக்கம் அக்கா. எனக்கு 28 வயது. கிடங்கு வேலையை விட்டுவிட்டு, சான்றிதழ் படித்து, பெர்சனல் டிரெயினராகி ஒன்பது மாதம் ஆகிறது. முதுகெலும்புப் பாடத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். எழுதிய மறுவாரமே மறந்துவிட்டது. என்னிடம் 52 வயது அக்கா ஒருவர் வருகிறார். பத்து வாரமாக நன்றாக டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடை தூக்கும் பயிற்சி) செய்துகொண்டிருந்தார். போன மாதம், இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த எம்ஆர்ஐ அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்', அதாவது கீழ் முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் புடைத்திருக்கிறது என்று இருந்தது. நான் பயந்துபோய், 'ஜவ்வு நழுவியிருக்கு, இனிமே குனியவே கூடாது' என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் வாசலில் கோலம் போடுவதில்லை, பேரனைத் தூக்குவதில்லை. இத்தனை நாள் இல்லாத வலி இப்போது இருக்கிறதாம். ஒரு டிரெயினருக்கு முதுகெலும்பைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? அவருக்கு நான் தொடர்ந்து பயிற்சி கொடுக்கலாமா?"

தம்பி, உங்களைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதி இல்லை. பிசியோதெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு டாக்சி ஓட்டுநரின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "அங்கிள், கீழ் முதுகெலும்பு நல்லாத் தேஞ்சு போச்சு" என்று உற்சாகமாகச் சொன்னேன். படம் பார்க்கத் தெரிந்துவிட்டது என்ற பெருமை. அடுத்த முறை இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வந்தார். அதற்கடுத்த முறை நாற்காலியில் உட்காரவே யோசித்தார். தேய்ந்த டயர் என்றால் என்னவென்று டாக்சிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? எந்த நிமிஷமும் வெடிக்கப்போகிறது என்றே நினைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறார் மனுஷன். அதைச் சரிசெய்ய எனக்கு நான்கு மாதம் ஆனது.

உங்கள் அக்கா விஷயத்திலும் கணக்கு எளிது. அறிக்கை இரண்டு வருடம் பழையது. அந்த டிஸ்க்கை வைத்துக்கொண்டுதான் பத்து வாரம் டெட்லிஃப்ட் செய்தார். போன மாதம் புதிதாக வந்து சேர்ந்தது உங்கள் ஒரு வாக்கியம் மட்டும்தான். எனவே முதலில் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

நம் ஆட்களுக்கு முழங்காலில் இருப்பதும் ஜவ்வு, முதுகில் இருப்பதும் ஜவ்வு, தோளில் கிழிந்ததும் ஜவ்வு. போதாததற்கு ஜவ்வு மிட்டாய் வேறு. அந்தச் சொல்லைக் கேட்டதும் பிசுபிசுவென்று இழுபடும் ஏதோ ஒன்று எலும்புகளுக்கு நடுவிலிருந்து வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் மனசில் படம் வரும். டிஸ்க் அப்படிப்பட்டதே இல்லை. மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளோடு அது குருத்தெலும்புத் தட்டால் ஒட்டியிருக்கிறது. வெளிவளையத்தின் நார்கள் எலும்புக்குள்ளேயே வேரோடியிருக்கின்றன. நழுவுவதற்கு அதற்கு வழியே கிடையாது. அந்த வளையத்தில் 15 முதல் 25 அடுக்கு நார்கள். ஓர் அடுக்கு இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கு வலப்பக்கம் சாயும். எந்தப் பக்கம் முறுக்கினாலும் பாதி அடுக்குகள் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அமைந்த பின்னல் அது.

வகுப்பில் டிஸ்க்கை ஜாம் வைத்த டோனட் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அழுத்தினால் ஜாம் பிதுங்கும் என்று. இருபது வயதுக்காரருக்கு வேண்டுமானால் நடுப்பகுதி கூழ் போல இருக்கும். ஐம்பதைத் தொட்டவருக்கு அது வெந்த நண்டுச் சதை மாதிரி. பிய்த்தால் நார் நாராக வரும், வழியாது. மிளகு நண்டு சாப்பிட்ட கைக்கு இது புரியும்.

அப்படியென்றால் பல்ஜ் என்பது? வளையம் தன் சுற்றளவில் கொஞ்சம் அகன்றிருக்கிறது, அவ்வளவுதான். வளையத்தில் கீறல் விழுந்து உள்ளே இருப்பது வெளியே துருத்துவது வேறு வகை. அதற்கு ஹெர்னியேஷன் என்று பெயர், அது நரம்பைத் தொட்டால் கால் வரைக்கும் வலி இழுக்கும். ஆனால் அந்த வகையிலும் பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே குணமாகிறது. வெளியே வந்த துண்டை உடலின் எதிர்ப்பு அணுக்களே சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று சுருக்கிவிடுவதும் உண்டு.

இதோடு ஓர் எண்ணையும் சேர்த்து மனசில் வையுங்கள். 2015-ல், முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை, 33 ஆய்வுகளிலிருந்து திரட்டிப் பார்த்தார்கள். டிஸ்க் பல்ஜ் இருபது வயதுக்காரர்களில் 30 விழுக்காட்டினருக்கு இருந்தது, ஐம்பது வயதில் 60 விழுக்காட்டினருக்கு, எண்பது வயதில் 84 விழுக்காட்டினருக்கு. திரும்பவும் சொல்கிறேன், வலியே இல்லாதவர்கள். உங்கள் அக்காவின் வயதில் பல்ஜ் இல்லாமல் இருப்பதுதான் சிறுபான்மை. எம்ஆர்ஐ அறிக்கை பொய் சொல்லவில்லை. அதில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் என்று நாம்தான் கூட்டிப் படித்துவிடுகிறோம்.

சரி, டிரெயினருக்கு எவ்வளவு தெரிந்தால் போதும் என்று கேட்டீர்கள். 33 எலும்பின் பெயரையும் ஒப்பிக்க வேண்டாம். முதுகின் எந்தப் பகுதிக்கு எந்த வேலை என்று கை வைத்துக் காட்டத் தெரிய வேண்டும். இன்றிரவே செய்து பாருங்கள், வீட்டில் தம்பியோ நண்பனோ சட்டையைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் நின்றால் போதும்.

தலையைக் குனியச் சொல்லுங்கள். கழுத்தின் அடியில் எடுப்பாகத் தட்டுப்படும் முடிச்சு பெரும்பாலும் ஏழாவது கழுத்தெலும்பு, சி7. அதையும் சேர்த்து மேலே உள்ள ஏழு எலும்பும் கழுத்து. கைகளைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லி, தோள்பட்டை எலும்பின் கீழ் முனையைத் தொட்டு, அதே உயரத்தில் நடுமுதுகுக்கு விரலைக் கொண்டுவாருங்கள். அங்கே இருப்பது ஏறக்குறைய டி7. விலா எலும்புகள் வந்து சேரும் 12 எலும்புகளில் நடுவாந்திரமானது. இனி இரண்டு கையையும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பில் வையுங்கள், கோபத்தில் நம் அம்மாக்கள் நிற்பார்களே அதே மாதிரி. இரண்டு கட்டைவிரலும் முதுகுத்தண்டில் சந்திக்கும் இடம் எல்4, அல்லது எல்4-க்கும் எல்5-க்கும் நடு. அறிக்கையில் பார்த்துப் பயந்தீர்களே, அந்த இடம் இதுதான். அதற்கும் கீழே, பிட்டத்துக்கு மேல் இரண்டு பக்கமும் சிறு குழி தெரியும். அந்த மட்டத்தில் எஸ்2, இடுப்பு முக்கோண எலும்பின் இரண்டாவது துண்டு. அங்கே ஐந்து எலும்பும் ஒன்றாக ஒட்டி முக்கோணமாகிவிட்டதால் அசைவு கிடையாது. அதன் நுனியில் வால் எலும்பு.

ஒரே ஆளின் முதுகில் நான்கு தடவை தொட்டுப் பார்த்தால் மறக்காது. தேர்வுக்குப் படித்தது மறந்ததற்குக் காரணமே அது தாளில் இருந்ததுதான்.

இப்போது அசைவுக்கு வருவோம். ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்புறமும் இடமும் வலமுமாகச் சின்ன மூட்டுகள் உண்டு, ஃபேசட் என்பார்கள். அவை எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதுதான் முதுகின் அசைவைத் தீர்மானிக்கிறது. கும்பிடப் போகும் கைகளைப் போல இரண்டு உள்ளங்கையையும் எதிரெதிரே நிறுத்தி, நடுவே ஒரு புத்தகத்தைச் செருகுங்கள். புத்தகம் முன்னும் பின்னும் சாயும், மேலும் கீழும் வழுக்கும். பக்கவாட்டில் திருப்பப் பாருங்கள், கை தடுக்கும். இடுப்புப் பகுதியின் ஐந்து எலும்பும் ஏறத்தாழ அப்படித்தான். குனியவும் நிமிரவும் ஐம்பது பாகைக்கு மேல் தாராளமாக விட்டுக்கொடுக்கும். திரும்புவதற்கு ஐந்தும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்கு ஐந்து முதல் பத்துப் பாகைதான் தரும்.

மார்புப் பகுதியின் மூட்டுகளோ ஓட்டு வீட்டின் ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. அவை திரும்ப விடும், ஒரு பக்கத்துக்கு முப்பது பாகைக்கு மேல். கழுத்தில் இன்னொரு கதை: முதல் எலும்பு வளையம், இரண்டாவதில் ஒரு முளை, வளையம் முளையைச் சுற்றிச் சுழலும். 'இல்லை இல்லை' என்று தலையாட்டும்போது அந்தத் திருப்பத்தில் பாதி இந்த ஒரு மூட்டிலேயே நடந்துவிடுகிறது. இங்கே டிஸ்க்கே கிடையாது என்பது ஒரு கொசுறுத் தகவல்.

இதில் உங்களுக்கு என்ன லாபம்? ரஷ்யன் டுவிஸ்ட் (உட்கார்ந்தபடி இரண்டு பக்கமும் திரும்பும் பயிற்சி) சொல்லிக்கொடுக்கும்போது "இடுப்பைத் திருப்புங்க" என்று சொல்லாதீர்கள். "நெஞ்சைத் திருப்புங்க" என்று சொல்லுங்கள். ராஃபிள்ஸ் பிளேசில் ஒன்பது மணிநேரம் கணினி முன் குந்தியிருந்துவிட்டு வருகிறவருக்கு நடுமுதுகு இறுகிப்போயிருக்கும். அவரைத் திரும்பச் சொன்னால், இல்லாத திருப்பத்தைக் கீழ் முதுகிடம் கடன் கேட்பார். தலைக்கு மேல் எடை தூக்கச் சொன்னாலும் அதே கதைதான்: மார்புப் பகுதி முள்ளெலும்புகள் நிமிராததால் கீழ் முதுகு வளைந்து ஈடுகட்டும். சோதிக்க ஒரு வழி. நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால்களுக்கு நடுவே சுருட்டிய துண்டை இடுக்கச் சொல்லி, கைகளை மார்பில் குறுக்கே கட்டி, இரண்டு பக்கமும் திரும்பச் சொல்லுங்கள். இடுப்பு பூட்டப்பட்டுவிட்டதால் தெரிவதெல்லாம் பெரும்பாலும் மார்பின் திருப்பம். ஒரு பக்கம் குறைவாக இருந்தால் எடையைக் கூட்டுவதற்கு முன் அதைக் கவனியுங்கள்.

அடுத்தது பாரம். உங்கள் தொழிலில் முதுகெலும்பைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடி எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். காவடி 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது தோளிலும் இடுப்புப் பட்டையிலும் உட்கார்ந்து, பாரம் நேர்க்கோட்டில் முதுகுத்தண்டு வழியாக இறங்குகிறது. இப்போது உங்கள் புளோக்கில் அம்மா ஈரத்துணி கோத்த மூங்கில் கழியைச் சன்னலுக்கு வெளியே நீட்டுவதைப் பாருங்கள். கழியும் துணியும் சேர்த்து 4 கிலோகூட இருக்காது. ஆனால் அந்தப் பாரத்தின் மையம் முதுகுத்தண்டிலிருந்து 120 செண்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. அதைத் தடுத்துப் பிடிக்கும் முதுகுத் தசைகளோ எலும்பிலிருந்து 5 செண்டிமீட்டர் பின்னால்தான் இருக்கின்றன. நான்கை 120-ஆல் பெருக்கி ஐந்தால் வகுங்கள்: 96. நான்கு கிலோவைப் பிடிக்கத் தசை 96 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும், அத்தனையும் டிஸ்க்கின் மேல் அழுத்தமாக விழும். உடம்பின் சொந்த எடையைச் சேர்க்காத முரட்டுக் கணக்குதான். ஆனாலும் 30 கிலோ காவடியைவிட 4 கிலோ துணி முதுகுக்குக் கனம் என்பது புரிகிறதில்லையா? அதனால்தான் அனுபவப்பட்ட கைகள் கழியைச் சன்னல் விளிம்பில் தாங்கவைத்து நீட்டுகின்றன.

நெம்புகோல் கணக்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததேதான். 1999-ல் ஜெர்மனியில் வில்கே என்ற ஆய்வாளரின் குழு, ஆரோக்கியமான ஒரு தன்னார்வலரின் எல்4-எல்5 டிஸ்க்குக்குள்ளேயே அழுத்தமானியைச் செருகி அளந்தது. சும்மா நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கினால் 2.3. முழங்காலை மடக்கித் தூக்கினால் 1.7. அதே எடையை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் 1.1. ஒரே ஆளிடம் அளந்தது என்பதால் தசமப் புள்ளிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். வரிசையைப் பாருங்கள். முழங்காலை மடக்கியதில் குறைந்ததைப் போலவே, எடையை நெருக்கிப் பிடித்ததிலும் அழுத்தம் அவ்வளவு குறைந்திருக்கிறது. ஜிம்மில் நாமோ "நேரா வை, நேரா வை" என்று கத்துகிறோம். "கிட்ட வை" என்று சொல்வது குறைவு. இன்னொரு வேடிக்கையும் அதில் உண்டு. நாற்காலியில் சரிந்து சாவகாசமாக உட்கார்ந்தபோது அழுத்தம் 0.3-க்கும் குறைவு. விறைப்பாக உட்காரச் சொல்லி நம்மை அதட்டிய ஆசிரியர்களுக்கு இதைக் காட்ட ஆசை.

முதுகை நேராக வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. முதுகெலும்பு நேரானதே இல்லை. கழுத்து முன்னுக்கு வளைந்தது, மார்பு பின்னுக்கு, இடுப்பு திரும்ப முன்னுக்கு. இந்த வளைவுகளோடு நிற்பதைத்தான் நியூட்ரல் என்கிறோம். அதுவும் அசையாத ஒரு புள்ளி கிடையாது, கொஞ்சம் அகலமான வரம்பு. கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) வீசும்போது பார்க்க நேராகத் தெரியும் முதுகை அளந்தால் கீழ்ப்பகுதி ஓரளவு வளைந்துதான் இருக்கும். கனமான எடையோடு அந்த வரம்பின் கடைசி எல்லை வரைக்கும், களைத்த நிலையில், திரும்பத் திரும்பப் போவதைத்தான் தவிர்க்க வேண்டும். பென்சில் எடுக்கக் குனிவதற்கெல்லாம் வாடிக்கையாளரைத் திருத்தப் போகாதீர்கள்.

காலை நேர வகுப்பு எடுக்கிறீர்கள் என்றால் இதையும் சொல்லிவைக்கிறேன். படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். அதற்கென்று தனி இரத்த ஓட்டம் இல்லாததால் அப்படித்தான் அது சாப்பிடுகிறது. எழுந்ததும் நாம் ஒன்று, ஒன்றரை செண்டிமீட்டர் உயரமாக இருப்போம். நிற்க, நடக்க நீர் பிழிந்து வெளியேறும், முதல் ஒரு மணிநேரத்திலேயே பெரும்பகுதி. உப்பியிருக்கும்போது முழுக்கக் குனிந்தால் நார்களுக்கு இழுவை அதிகம். ஆறு மணிக்குப் படுக்கையிலிருந்து எழுந்து ஆறரைக்கு உங்கள் முன் நிற்கிறவரை முதல் வேலையாகக் குனிந்து காலைத் தொடச் சொல்லாதீர்கள். கொஞ்சம் நடக்கட்டும், குந்தி எழட்டும்.

ஐபிபிடி என்ற உடற்தகுதித் தேர்வுக்குத் தயாராகும் என்எஸ் (தேசிய சேவை) பையன்கள் உங்களிடம் நிறைய வருவார்களே, அவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு நிமிடத்தில் முடிந்தவரை சிட்-அப் எடுத்தாக வேண்டும். சிட்-அப்பின் முதல் பாதி வயிற்றுத் தசையின் வேலை. தோள் தரையைவிட்டு நன்றாக எழும்பிய பிறகு இழுப்பது இடுப்பு மடக்கும் தசைகள், முக்கியமாக சோவாஸ். அது கீழ் முதுகெலும்புகளின் பக்கவாட்டிலிருந்தே புறப்பட்டுத் தொடையில் போய்ச் சேர்கிறது, ஆக ஒவ்வொரு இழுப்பும் டிஸ்க்கை அழுத்தும். சிட்-அப் கெடுதல் என்று தடை போட வேண்டாம், தேர்விலேயே அது இருக்கும்போது பழகாமல் எப்படி? வாரத்துக்கு வாரம் அளவாகக் கூட்டுங்கள். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்து தினமும் நூறு எடுக்கிறேன் என்பவனைத்தான் தடுக்க வேண்டும்.

வயிறு என்றதும் சிக்ஸ் பேக்கை மட்டும் நினைக்காதீர்கள். மேலே உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசைகள், சுற்றிலும் பட்டை கட்டியது போல குறுக்கு வயிற்றுத் தசை, பின்னால் முள்ளெலும்புக்கு முள்ளெலும்பு தாவிப் பிடிக்கும் மல்டிஃபிடஸ். நான்கும் சேர்ந்தது ஒரு டின். மூடிய டின்னை மிதித்தால் நசுங்காது, காலி டின்னை மிதித்தால் சப்பையாகிவிடும். நம் தாத்தாக்கள் மூட்டை தூக்கும்போது "தம் கட்டித் தூக்குடா" என்றது இதைத்தான். வாடிக்கையாளரிடம் ஆங்கிலத்தில் பிரேசிங் என்று விளக்குவதைவிடத் தம் கட்டச் சொல்லிப் பாருங்கள், நாற்பதைத் தாண்டிய தமிழர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் முழுத் தம் கட்டும்போது இரத்த அழுத்தம் கிடுகிடுவென ஏறும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தூக்கும்போது மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே தூக்கட்டும்.

இனி, நீங்கள் கை வைக்கக் கூடாத இடம். தண்டுவடம் முதுகு முழுக்க ஓடுவதில்லை. பெரியவர்களுக்கு எல்1, எல்2 மட்டத்திலேயே முடிந்து, அதற்குக் கீழே குதிரை வால் போல நரம்புக் கற்றையாகப் பிரிந்து தொங்குகிறது. காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் நரம்புகள் அவை. வாடிக்கையாளர் யாராவது, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் படும் இடம் மரத்துப்போச்சு என்றாலோ, சிறுநீர் போக முடியவில்லை, அல்லது தெரியாமலே போய்விடுகிறது என்றாலோ, இரண்டு காலும் திடீரென்று பலமிழந்தாலோ, அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அன்றைக்கே போக வேண்டும். நடக்க முடியவில்லை என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அந்த நரம்புகள் திரும்பாமலே போகக்கூடும். இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், அதுவும் ஓர் இளைஞன் அம்மா வயது பெண்ணிடம். முதல் நாள் படிவத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

அவ்வளவு அவசரமில்லாத, ஆனால் டாக்டரிடம் அனுப்ப வேண்டிய ஆட்களும் உண்டு. குதிகாலால் நடக்கச் சொன்னால் ஒரு பாதம் மட்டும் தொங்குகிறது, ஒற்றைக்காலில் நுனிவிரலில் எம்ப முடியவில்லை, முழங்காலுக்குக் கீழே வலியும் மரமரப்பும் வாரக்கணக்கில் விடவில்லை, காரணமில்லாமல் எடை குறைகிறது, முன்பு புற்றுநோய் வந்திருக்கிறது, காய்ச்சலோடு முதுகுவலி, கீழே விழுந்த பிறகு வலி. மாதவிடாய் நின்ற பெண்களிடம் எலும்பு அடர்த்திச் சோதனை செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். எலும்பு வலுக்குறைவு என்று தெரிந்தவருக்கு எடையோடு முன்னுக்கு வளையும் பயிற்சிகள் வேண்டாம். பலதுறை மருந்தகமோ, குடும்ப மருத்துவரோ, எங்கே வேண்டுமானாலும் அவர்கள் போகட்டும். நோயின் பெயரைச் சொல்வது உங்கள் வேலை அல்ல. இங்கே பிசியோதெரபிஸ்ட் என்று பெயர்ப்பலகை மாட்டவே 2011-ல் வந்த சட்டப்படி அலைட் ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். யூடியூபைப் பார்த்துவிட்டு யார் முதுகையும் 'கடக்' என்று நெட்டி முறிக்கவும் போகாதீர்கள்.

உங்கள் அக்காவுக்கு இப்போது வலி வந்திருப்பதால், ஒரு முறை டாக்டரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்த்து, "பயிற்சி செய்யலாம்" என்று ஒரு கடிதம் வாங்கி வரச் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காக இல்லை, இரண்டு பேருக்கும் நிம்மதி. மேலே சொன்ன அறிகுறி எதுவும் இல்லாமல் அந்தக் கடிதமும் வந்துவிட்டால், தாராளமாக நீங்களே பயிற்சி கொடுக்கலாம்.

முதல் நாள் எடையைத் தொடாதீர்கள். "அக்கா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. நழுவலை, நழுவவும் நழுவாது" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மழுப்பினால் பயம் போகாது. பிறகு துடைப்பக் கட்டை ஒன்றை அவர் முதுகோடு நெட்டுக்குப் பிடிக்கச் சொல்லுங்கள்: பின்தலை, நடுமுதுகு, இடுப்பு முக்கோண எலும்பு, மூன்று இடத்திலும் கட்டை படட்டும். அந்த மூன்று தொடுகையும் விலகாமல் பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, கை நிறையச் சாமானோடு காரின் கதவைப் பின்புறத்தால் தள்ளிச் சாத்துவது போல, இடுப்பில் மடங்கட்டும். குனிவதில் பெரும்பங்கு தொடை மூட்டில் நடக்கலாம் என்று அவர் உடம்பே கண்டுபிடிக்கும்.

அடுத்த வகுப்பில் 8 கிலோ கெட்டில்பெல்லை நாற்காலி மேல் வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். அது சௌகரியப்பட்டால் ஸ்டெப் பெட்டி உயரம். பிறகு தரை. உயரம் குறையும் வாரத்தில் எடையைக் கூட்டாதீர்கள். லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். முதுகில் இருந்த வலி பிட்டத்துக்கு, தொடைக்கு என்று கீழே இறங்கிக்கொண்டே போனால் ஒரு படி பின்வாங்குங்கள். காலிலிருந்து முதுகை நோக்கி ஏறிவந்து ஒடுங்கினால் நல்ல சகுனம், முதுகில் கொஞ்சம் கூடுதலாக உணர்ந்தாலும்.

இதற்கிடையில் கோலத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். முதல் வாரம் மூன்று புள்ளி, போதும். இங்கே துடைப்பக் கட்டையும் வேண்டாம், மூன்று தொடுகையும் வேண்டாம். அவர் எப்போதும் குனிவது போலவே குனியட்டும், முதுகு வளையட்டும். அரிசி மாவுக்குக் கனம் ஏது? புள்ளி கூடக் கூட அவரே உங்களுக்குக் கணக்குச் சொல்வார்.

பேரன் என்ன எடை என்று கேட்டு வையுங்கள். 11 கிலோ என்று வைத்துக்கொண்டால், 12 கிலோ கெட்டில்பெல்லைத் தரையிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே தூக்கும் நிலைக்கு அவர் வர வேண்டும். ஆனால் கெட்டில்பெல் சொன்ன இடத்தில் நிற்கும், பேரன் நிற்க மாட்டான். அதனால் அடுத்து 10 கிலோ அரிசி மூட்டை ஒன்றை வாங்கி ஜிம்மில் போடுங்கள். பிடி இல்லாத, உள்ளே சரிந்துகொண்டேயிருக்கும் எடை. அதை அணைத்துத் தூக்கி, நாலடி நடந்து, திரும்பி, மெதுவாக இறக்க வந்துவிட்டது என்றால் ஒரு சனிக்கிழமை பேரனையே கூட்டிவரச் சொல்லுங்கள்.